விரிசலைத் தேடிய வித்தகர்

நம் காலனியில் வாழும் மூத்தோருக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். நீராவி வண்டிகள் ஓடிய நாட்களில் நெடுந்தூர வண்டி நிலையத்தில் வந்து நின்றதும், நீண்ட காம்புடைய சுத்தியல் ஏந்திய ஊழியர் ஒருவர் வண்டியின் ஓரமாக நடந்து, ஒவ்வொரு சக்கரத்தையும் தட்டிக்கொண்டே செல்வார். சக்கரம் கணீரென ஒலித்தால் அடுத்ததற்குப் போவார். மந்தமாக ஒலித்தால் நின்று குனிந்து நோக்குவார். சன்னலோரம் அமர்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கும் பயணிகள் அவரை ஏறெடுத்தும் பாரார். ஆயினும் அவர்களுடைய உயிரைக் காக்கும் பணியே அது. கண்ணுக்குப் புலப்படாத விரிசலை அவர் செவியால் தேடினார்.

விரிசல் எப்போது உறங்கிக் கிடக்கிறது, எப்போது விழித்தெழுந்து ஒரு பெரும்பொருளை இரண்டாகப் பிளக்கிறது என்பதைக் கணக்கிட்டு உலகுக்கு உணர்த்தியவர் ஆலன் ஆர்னால்டு கிரிஃபித் என்னும் ஆங்கிலேயர். பொறியியல் கற்றோர் யாவரும் அறிந்த பெயர் அது. இழையையும் பிசினையும் சேர்த்து இன்று செய்யப்படும் உறுதிமிக்க கூட்டுப்பொருள்களுக்கு வித்திட்டதும், அவற்றை உடைத்துப் பார்த்து வலிமையை அளக்கும் முறைக்கு அடிகோலியதும் அவருடைய ஆராய்ச்சியே. அப்பெரியாரின் வரலாற்றை இம்மலரில் சுருங்கக் கூற விழைகிறோம்.

இளமையும் கல்வியும்

கிரிஃபித் 1893ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள் லண்டனில் பிறந்தார். தந்தையார் ஜார்ஜ் கிரிஃபித் ஊர்பல சுற்றியவர். எதிர்கால உலகைக் கற்பனை செய்து நாவல்கள் எழுதிப் புகழ்பெற்றவர். ஆகாயக் கப்பல்கள் போர் புரிவதாக அவர் எழுதிய கதை நூலாக வெளிவந்ததும் மகன் பிறந்த அதே 1893ஆம் ஆண்டில்தான். தந்தை கதையில் பறக்கவிட்டதை மைந்தர் பிற்காலத்தில் மெய்யாகவே பறக்கச் செய்யப் பாடுபட்டார் என்பது எண்ணி மகிழத்தக்கது. ஆனால் மைந்தருக்குப் பதின்மூன்று வயது நிரம்புமுன்னரே, 1906இல், தந்தை காலமானார்.

மான் தீவில் பள்ளிப் படிப்பை முடித்த கிரிஃபித், லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பயின்று 1914இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே பார்ன்பரோ என்னுமிடத்திலிருந்த அரசாங்க விமானத் தொழிற்சாலையில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். முதல் உலகப் போர் நடந்த காலம் அது. மரச் சட்டமும் துணியும் கம்பியும் கொண்டு கட்டிய விமானங்களில் இளைஞர்கள் வானேறினர். எந்த உறுப்பு எவ்வளவு பாரம் தாங்கும் என்பதை முன்கூட்டியே அறிவது அந்நாளில் உயிர் காக்கும் கல்வியாக இருந்தது.

அங்கே ஜி. ஐ. டெய்லர் என்ற பேரறிஞருடன் கூடி கிரிஃபித் ஒரு வியத்தகு முறையைக் கையாண்டார். ஒரு தண்டை முறுக்கினால் அதன் உள்ளே எங்கெங்கே எவ்வளவு தகைவு உண்டாகும் என்பதைக் கணிதத்தால் மட்டும் காண்பது அரிது. ஆகவே அத்தண்டின் குறுக்குவெட்டு வடிவில் ஒரு தகட்டில் துளை செய்து, அதன்மேல் சவர்க்காரக் குமிழிப் படலத்தைப் பரப்பி, அப்படலத்தின் சரிவை அளந்தனர். சரிவு மிகுந்த இடமே தகைவு மிகுந்த இடம். சிறுவர் ஊதி விளையாடும் குமிழி பொறியியலாருக்கு ஆசானாயிற்று. 1917இல் இவ்வாராய்ச்சிக்காக இருவரும் இயந்திரப் பொறியாளர் கழகத்தின் பொற்பதக்கம் பெற்றனர். நண்பர்கள் கிரிஃபித்துக்குச் சோப்புக்குமிழி என்றே பட்டப்பெயர் சூட்டினர்.

கண்ணாடி சொன்ன பாடம்

அக்காலத்து அறிஞர்களை ஒரு புதிர் வாட்டிக்கொண்டிருந்தது. பொருள்களின் அணுக்கள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிடியைக் கணக்கிட்டால், கண்ணாடி மிகப் பெரும் பாரத்தைத் தாங்கவேண்டும். உண்மையில் அது அக்கணக்கில் நூறில் ஒரு பங்குக்கே முறிந்துபோகிறது. எஞ்சிய வலிமை எங்கே போயிற்று?

ஜவுளிக் கடையில் நாம் துணி வாங்கும்போது கடைக்காரர் என்ன செய்கிறார்? துணியின் ஓரத்தில் கத்தரியால் ஒரு சிறு வெட்டு வைக்கிறார்; பின்னர் இரு கையாலும் சரேலெனக் கிழித்துவிடுகிறார். வெட்டில்லாத துணியை அவ்வாறு கிழிக்க எளிதில் முடியாது. இழுக்கும் விசை முழுவதும் அவ்வெட்டின் நுனியில் வந்து குவிவதே காரணம். துளையின் ஓரத்திலும் பிளவின் நுனியிலும் தகைவு பன்மடங்கு பெருகும் என்பதை கேம்பிரிட்ஜ் பேராசிரியர் இங்கிலிஸ் 1913இல் கணக்கிட்டுக் காட்டியிருந்தார். ஆயினும் ஓர் ஐயம் எஞ்சியது. விரிசலின் நுனி எப்போதும் கூர்மையாகத்தானே இருக்கிறது? அங்ஙனமாயின் சிறு விரிசலுள்ள பொருளெல்லாம் உடனே முறிய வேண்டுமே, ஏன் முறிவதில்லை?

கிரிஃபித் இதற்கு ஒரு குடும்பத் தலைவரின் வரவு செலவுக் கணக்குப் போன்ற விடையைக் கண்டார். விரிசல் நீளவேண்டுமானால் இரண்டு புதிய பரப்புகள் தோன்றவேண்டும். அதற்குச் சக்தி செலவாகும். விரிசல் நீண்டால் அதைச் சுற்றிய பகுதி இறுக்கம் தளரும். அதனால் சக்தி வரவாகும். செலவு விரிசலின் நீளத்துக்கு ஏற்பக் கூடுகிறது. வரவோ நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. ஆகவே சிறு விரிசலுக்கு வரவு போதாது; அது உறங்குகிறது. ஒரு குறிப்பிட்ட நீளத்தைத் தாண்டிவிட்டால் வரவு செலவை விஞ்சும். பிறகு அதனைத் தடுப்பார் எவருமில்லை. விரிசல் நான்கு மடங்கு நீண்டால், பொருளை முறிக்கத் தேவையான தகைவு பாதியாகிவிடும்.

இக்கணக்கை அவர் ஏட்டளவில் விட்டுவிடவில்லை. கண்ணாடிக் குழாய்களையும் குமிழ்களையும் செய்து, அவற்றில் வேண்டுமென்றே விரிசல்களை உண்டாக்கி, நீளத்தை அளந்துகொண்டு, உள்ளே அழுத்தத்தை ஏற்றி வெடிக்கச் செய்தார். கணக்கும் சோதனையும் ஒத்தன.

அடுத்து அவர் செய்ததே கூட்டுப்பொருள்களின் வரலாற்றுக்குத் தொடக்கம். கண்ணாடியை உருக்கி நூல்போல் இழுத்து, வெவ்வேறு பருமனுள்ள இழைகளைத் தொங்கவிட்டுப் பாரம் ஏற்றினார். ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் பருமனுள்ள கோல் சதுர அங்குலத்துக்குச் சுமார் 25,000 பவுண்டு தாங்கியது. இழை மெலிய மெலிய வலிமை ஏறிக்கொண்டே போயிற்று. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் மூன்று பங்கே பருமனுள்ள இழை சதுர அங்குலத்துக்குச் சுமார் 5,00,000 பவுண்டு தாங்கியது. மெலிந்தது வலிந்ததை இருபது மடங்கு வென்றது! மெல்லிய இழையில் பெரிய விரிசல் இருக்க இடமில்லை என்பதே இதன் உட்பொருள்.

இவ்வாராய்ச்சி 1921இல் ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் வந்தது. அதில் இன்னொரு செய்தியும் நம் கருத்தைக் கவர்கிறது. கட்டுரை வெளிவருமுன்னரே தம் கணக்கில் ஒரு பகுதி திருத்தம் வேண்டுவதைக் கண்ட கிரிஃபித், அதனை மறைக்காமல் இறுதியில் குறிப்பாகச் சேர்த்தார். 1924இல் ஹாலந்தில் டெல்ப்ட் நகரில் கூடிய அறிஞர் மாநாட்டில் திருத்திய கணக்கை வழங்கினார். கண்ணாடியில் விரிசல் தேடியவர் தம் எழுத்திலும் தேடினார்.

தீயும் மாற்றமும்

இத்தகைய அரிய ஆராய்ச்சி தொடர்ந்து நடந்திருக்கவேண்டும். ஆனால் நடக்கவில்லை. அதன் காரணத்தைப் பிற்காலத்தில் அதே பார்ன்பரோவில் பணிபுரிந்த ஜே. இ. கார்டன் என்ற அறிஞர் தம் நூலில் கூறியிருக்கிறார். கிரிஃபித்துக்கு உதவியாளராக இருந்தவர் பென் லாக்ஸ்பைசர்; பின்னாளில் சர் பட்டம் பெற்று உயர்ந்தவர். ஒரு மாலை அவர் கண்ணாடி உருக்கும் வாயு விளக்கை அணைக்க மறந்து சென்றுவிட்டார். தீப்பற்றியது. விசாரணை நடந்தது. முடிவில், இவ்வேலையில் இனியும் பொழுதை வீணாக்கவேண்டாம் என்று இருவருக்கும் ஆணை பிறந்ததாம்.

கிரிஃபித் வேறு பணிக்கு மாறினார். அலுவலகங்களில் பணிபுரியும் நமக்கு இது புதிதன்று. ஒரு சிறு தவறு கோப்பில் ஏறினால் பல்லாண்டு உழைப்பு அதன் அடியில் புதைந்துவிடுகிறது. அவர் மனம் எவ்வளவு நொந்ததோ, அறியோம். அவர் சோர்ந்து அமரவில்லை என்பதை மட்டும் அறிவோம். 1926இல் விமானத்துக்கான டர்பைன் இயந்திரம் பற்றிய புகழ்பெற்ற கட்டுரையை எழுதினார். டர்பைனின் அலகுகளை விமானச் சிறகுபோல் வடிவமைக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

பெரியோரின் வரலாற்றைக் கூறுமிடத்துக் குறையையும் கூறுவதே முறை. 1929இல் பிராங்க் விட்டில் என்ற இளம் விமானப்படை அதிகாரி, தாரை இயந்திரத் திட்டம் ஒன்றுடன் அவரைக் காண வந்தார். கிரிஃபித் அதிலிருந்த கணக்குப் பிழையைச் சுட்டிக்காட்டி, நடைமுறைக்கு ஒவ்வாதென்று கருதினார். அரசாங்கமும் கைவிட்டது. விட்டிலோ தளராது முயன்று 1937இல் இயந்திரத்தை ஓட்டிக் காட்டினார். 1941 மே மாதம் அது விமானத்தைத் தூக்கிப் பறந்தது. ஏட்டில் கண்ட பிழை மெய்யே. ஆனால் அப்பிழை திட்டத்தையே முறிக்கும் அளவுக்கு நீண்ட விரிசலா என்பதை அன்று அவர் சரியாக அளக்கவில்லை.

1939இல் கிரிஃபித் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். 1941இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். காற்று நேர்கோட்டில் பாயும் தாரை இயந்திர முறையை அவர் வளர்த்தார். அவ்வழியில் வந்தது ஏவான் இயந்திரம். 1964 முதல் இந்தியன் ஏர்லைன்ஸ் ஓட்டிய காரவெல் விமானங்களில் முழங்கியது அதுவே. நேராக மேலெழும் விமானத்துக்கு முன்னோடியாக அவர் கருத்தில் உதித்த பறக்கும் கட்டில் என்ற விந்தைச் சாதனம் 1954 ஆகஸ்டில் கட்டின்றி வானில் எழுந்தது. 1960இல் ஓய்வு பெற்றார். 1963 அக்டோபரில் தம் எழுபதாம் வயதில் மறைந்தார்.

விதை முளைத்தது

புதைந்த விதை முளைக்காமல் போகவில்லை. இரண்டாம் உலகப் போரில் அவசரமாகக் கட்டிய அமெரிக்கச் சரக்குக் கப்பல்கள் சில குளிர்ந்த கடலில் திடீரெனப் பிளந்தன. இர்வின், ஓரொவான் முதலிய அறிஞர்கள் கிரிஃபித்தின் பழைய கட்டுரையைத் தேடியெடுத்து உலோகங்களுக்கும் பொருந்துமாறு விரித்தனர். விரிசல் நீளும்போது வெளிப்படும் சக்தியை இர்வின் ஜி என்ற எழுத்தால் குறித்தார். கிரிஃபித்தின் பெயரின் முதலெழுத்து அது.

1954 ஜனவரியிலும் ஏப்ரலிலும் காமெட் என்ற தாரைப் பயணி விமானங்கள் இரண்டு இத்தாலிக்கருகே வானிலேயே சிதறி 56 பேர் மாண்டனர். பார்ன்பரோவில் ஒரு காமெட் விமானத்தின் உடலைப் பெரிய தொட்டியில் இறக்கி, நீரின் அழுத்தத்தை மீண்டும் மீண்டும் ஏற்றி இறக்கினர். உலோகத் தோல் களைத்துத் துளையின் மூலையில் விரிசல் கண்டு பிளந்தது. நாற்பதாண்டுக்கு முன் இங்கிலிஸ் துளையைப் பற்றிக் கூறியதும், கிரிஃபித் விரிசலைப் பற்றிக் கூறியதும் அத்தொட்டியில் கண்கூடாயின.

கண்ணாடி இழையும் வீணாகவில்லை. 1930களில் அமெரிக்காவில் அது பெருமளவில் உற்பத்தியாயிற்று. இழைகளைப் பிசினில் தோய்த்துக் கெட்டிப்படுத்தினால் பைபர் கிளாஸ். பிசின் முறியக்கூடியது, கண்ணாடியும் முறியக்கூடியது, இரண்டும் சேர்ந்தது எளிதில் முறிவதில்லை. ஏன்? 1964இல் குக், கார்டன் ஆகிய இருவர் இதன் காரணத்தை விளக்கினர். இழைக்கும் பிசினுக்கும் இடையிலுள்ள ஒட்டு அளவோடு இருக்கவேண்டும். பிசினில் ஓடிவரும் விரிசல் இழையை நெருங்கியதும் அவ்வொட்டு சற்றே பிரிந்து விரிசலைத் திசை திருப்பிவிடும். கூர்மையான நுனி மழுங்கிப் போகும். ஒட்டு மிக இறுகினால் விரிசல் இழையையும் வெட்டிச் செல்லும். மிகத் தளர்ந்தால் பாரம் ஓரிழையிலிருந்து மற்றோரிழைக்குச் செல்லாது. தனிக் கண்ணாடியை முறிக்கும் சக்தியைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் செலவிட்டாலன்றி இக்கூட்டுப்பொருள் பிளவாது.

உடைத்தறியும் கலை

இத்தகைய பொருளை நம்பி விமானம் கட்டுமுன் அதனை எவ்வாறு சோதிக்கின்றனர்? முதலில் பட்டையாக வெட்டி, இயந்திரத்தின் இரு தாடைகளில் பற்றி, முறியும்வரை இழுப்பர். இழை ஓடும் திசையில் ஒன்று, குறுக்காக ஒன்று, சாய்வாக ஒன்று எனப் பல பட்டைகள் வேண்டும். இழையின் திசையில் இரும்பை வெல்லும் பட்டை, குறுக்கே இழுத்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தாங்காது. விறகை நாரின் போக்கில் பிளப்பது எளிது என்பதை அறிந்த நமக்கு இது வியப்பன்று. அடுத்து இரு முனைகளில் தாங்கி நடுவில் அழுத்தி வளைப்பர். ஊசல் சம்மட்டியால் அடித்துத் தாக்குதலைத் தாங்கும் திறனை அளப்பர்.

இவற்றுள் கிரிஃபித்தின் நேர் வாரிசு எனத்தக்கது படலம் பிரிக்கும் சோதனை. அடுக்கடுக்காக இழைத் துணிகளை வைத்துப் பொருளைச் செய்யும்போதே நடு அடுக்கின் ஓரத்தில் ஒட்டாத மெல்லிய தாள் ஒன்றை வைத்துவிடுவர். அது செயற்கை விரிசல். பின்னர் மேற்பாதியையும் கீழ்ப்பாதியையும் வாய் பிளப்பதுபோல் மெல்ல இழுத்து, எவ்வளவு விசைக்கு விரிசல் எவ்வளவு நீள்கிறது என்று குறித்து ஜி என்ற அளவைக் கணக்கிடுவர். அன்று அவர் கண்ணாடிக் குமிழில் வேண்டுமென்றே விரிசல் வைத்துச் சோதித்ததும் இதுவும் ஒன்றே.

சோதனை தன் கடமையைச் செய்ததற்கு ஒரு சான்று உண்டு. கிரிஃபித் மறைந்த காலத்தை ஒட்டி, அதே பார்ன்பரோவில் வாட், பிலிப்ஸ், ஜான்சன் ஆகியோர் வலிமைமிக்க கரி இழையைச் செய்யும் வழி கண்டனர். அவர் பணியாற்றிய ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் அவ்விழையால் ஆர்பி 211 என்ற இயந்திரத்துக்கு விசிறி அலகுகள் செய்தது. இழுவிசைச் சோதனைகளில் அப்பொருள் சிறந்தது. ஆனால் பறக்கும்போது பறவை மோதினால் என்னாகும் என்றறிய, 1970இல் ஓடும் அலகின்மீது கோழியை வீசிப் பார்த்தபோது அலகு சிதறியது. மீண்டும் டைட்டேனியம் உலோகத்துக்கே திரும்பினர். இவ்வியந்திரத்துக்கான பெருஞ்செலவால் 1971 பிப்ரவரியில் அந்நிறுவனம் நொடித்து அரசுடைமையாயிற்று. பணம் போயிற்று; ஆயினும் உடைந்தது சோதனைக் கூடத்தில். பயணி ஒருவரும் மாளவில்லை.

அதன்பின் கூட்டுப்பொருள்கள் தேறி வளர்ந்தன. 2001 ஜனவரி 4இல் முதன்முதலாகப் பறந்த நம் நாட்டுத் தேஜஸ் போர் விமானத்தின் உடற்கட்டில், எடையில் ஏறக்குறைய 45 விழுக்காடு இழைக் கூட்டுப்பொருளே. இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் அவர்கள் ஏவுகணைக்கென உருவான இலேசான கூட்டுப்பொருளை ஐதராபாத் மருத்துவமனைக் குழந்தைகளுக்குப் பயன்படுத்தினார். மூன்று கிலோவுக்கு மேற்பட்ட உலோகத் தாங்கியைக் காலில் இழுத்து நடந்த குழந்தைகள் சுமார் 300 கிராம் தாங்கியணிந்து ஓடினர். மெலிந்த இழை வலியது என்று கிரிஃபித் கண்ட உண்மை, அவர் காணாத குழந்தைகளுக்குக் காலாயிற்று.

நிறைவாக

ஓர் இழை அறுந்தால் அதன் பாரத்தை அண்டை இழைகள் ஏற்கின்றன என்பது இக்கூட்டுப்பொருளின் இயல்பு. பிறந்த மண்ணை விட்டு வந்து இக்காலனியில் கூடி வாழும் நம் சங்கத்துக்கும் அதுவே இலக்கணமாகட்டும்.

நம் இளைஞர்கள் கிரிஃபித்திடம் கற்கவேண்டியது வேறொன்றும் உண்டு. விரிசல் இல்லாத பொருளும் இல்லை, மனிதரும் இல்லை. அது இருக்குமிடத்தையும் நீளத்தையும் காலத்தில் அறிந்துகொள்பவருக்கே காப்பு உண்டு. இன்றும் கூட்டுப்பொருளால் ஆன விமான உறுப்புகளின் உள்ளே படலம் பிரிந்துள்ளதா என்றறிய, நுண்கருவிகளோடு, சிறு சுத்தியலால் மெல்லத் தட்டி ஒலி கேட்கும் வழக்கமும் இருக்கிறது. நீராவிக் காலத்தில் நடைமேடையோரம் நாம் கேட்ட அதே ஓசைதான் அது.